புலால் வாடை

வென்ட்வேர்த்வில் மண்டபத்தில் வெள்ளிதோறும் நாங்கள் கூடிப் பதிகம் ஓதுவோம். ஒரு வெள்ளி, பதிகத்தின் நடுவே புலால் வாடை வீசியது. எனக்குக் குமட்டியது. ஓதுவதை நிறுத்தி, "ஆர் மச்சம் சாப்பிட்டுப்போட்டு வந்தது? வெளியில போங்கோ!" என்று அதட்டினேன்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "நான் சாப்பிடேல்லை ஐயா. கோழி வெட்டுற இடத்தில வேலை. குளிச்சிட்டுத்தான் வந்தனான், மணம் போகுதில்லை."

"கோழியையும் பதிகம் கேக்கக் கூட்டிக்கொண்டு வந்திட்டீர் போல!" என்றது ஒரு குரல். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் போய்விட்டார்.

பழங்கால யூத ஞானிகளின் வாழ்க்கையைச் சென்ற வாரந்தான் வாசித்தேன். பாடம் சொல்கையில் பூண்டு மணக்கவே, தின்றவர் வெளியேறட்டும் என்றாராம் ஓர் ஆசான். குற்றமற்ற தலைமாணாக்கரே முதலில் எழுந்து போனார். அவரைத் தொடர்ந்து எல்லோரும் போயினர். தின்றவர் யாரென்று தெரியாமலே போயிற்று.

எங்கள் சபையில் ஒருவரும் எழவில்லை. திருநீறு பூசிய அந்த நெற்றிகளை, முதலில் என் நெற்றியை, நினைத்தால் அன்றைய வாடையைவிட மோசமாகக் குமட்டுகிறது.

நேற்று அவர் வீட்டுக் கதவைத் தட்டி, மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரும்படி அழைத்தேன். "இனி வரமாட்டன் ஐயா" என்றார். பிறகு நான் உட்கார ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.