தண்ணி மில்லில் ஒரு ஆடிப் பதினெட்டு

தேவாரத்துக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில், பஞ்சாயத்து யூனியன் பராமரித்த பூங்கா ஒன்று இருந்தது. பூங்கா என்று பலகையில்தான் எழுதியிருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது தண்ணி மில். மேலே எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், தன் கூலியாட்களுக்குக் கேழ்வரகு அரைக்கக் கட்டிய மாவு மில் அது. மலையிலிருந்து இறங்கும் ஓடையைக் கல் வாய்க்காலில் திருப்பி, மரத்தொட்டி வழியாக ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புச் சக்கரத்தின் தலையில் விழ வைத்திருந்தார்கள். சக்கரம் சுற்றினால் சுவருக்கு அந்தப் பக்கம் மாவுக்கல் சுற்றும். எஸ்டேட் கைமாறி மில் யூனியனுக்கு வந்தபோது, கம்பி வேலி போட்டு, காகிதப்பூச் செடி நட்டு, சில சிமெண்ட் பெஞ்சுகளும் ஓர் ஊஞ்சலும் வைத்தார்கள். காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். ஓடையில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் ஷட்டரைத் திறந்து சக்கரத்தை ஓட்டிக் காட்டுவது அவர் வேலை.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடிப் பதினெட்டு அன்று அம்மாவும் நானும் அங்கே போனோம். சக்கரம் பார்க்கப் போகவில்லை. அக்காவைப் பார்க்கப் போனோம்.

அக்காவைத் தேவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. எங்களுக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். சின்னமனூரில் ஒரு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான் தூரம். அந்தச் சித்திரையில் அப்பா புதிதாகக் கட்டிய காரை வீட்டுக்குப் பால் காய்ச்சினார். சம்பந்தி வீட்டாரை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மாற்று கிடையாது. அப்பா கிளம்ப இருந்த நாளில் வானம் கறுத்தது. கொடியில் பழம் பழுத்து நின்றது. மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். ஆட்களைத் திரட்டிக்கொண்டு குலை வெட்ட இறங்கியவர், பாக்குத் தட்டைத் தோட்டத்து மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பினார். அன்று மழை பெய்யவே இல்லை.

தட்டு அப்படியே திரும்பி வந்தது. "ஆள் விட்டுக் கூப்பிட்ட வீட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம்னு சொல்லிட்டாக" என்றார் மேஸ்திரி. சொன்னது அக்காவின் மாமியார். கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. கை நனைக்காத வீட்டுக்குப் போக்குவரத்து இல்லை. பெண்ணையும் அனுப்ப மாட்டார்கள். அப்பா ஒரு நடை போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். "சம்பந்தின்னா என்ன, வானத்துல இருந்து குதிச்சாகளா?" என்று அவர் கேட்டது அடுத்த பஸ்ஸிலேயே தேவாரம் போய்ச் சேர்ந்தது.

அப்போது அக்காவுக்கு ஐந்தாம் மாதம்.

தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்க வேண்டும். ஆவணியில் வளையல் போட்டு அழைத்து வர வேண்டும். அம்மா புது வீட்டின் உள் அறையை அதற்கென்று ஒதுக்கினாள். காற்று வரும் ஜன்னலுக்குக் கீழே கட்டிலைப் போட்டு, பிறகு காற்று அதிகம் என்று சுவரோரம் தள்ளினாள். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, துவைத்து, வெயிலில் போட்டு மடித்து வைத்தாள். மதுரையில் ஒரு பத்திரிகையில் பிழைதிருத்தும் வேலையிலிருந்த நான் லீவில் வந்தால் அந்த அறையில் படுக்க அனுமதி இல்லை. சித்திரையிலிருந்து ஆடி வரை அவள் தன் மகளைப் பார்க்கவில்லை. அக்காவைப் பற்றி அவள் என்னிடம் பேசுவதும் இல்லை. சந்தையிலிருந்து நல்ல மாங்காய் வந்தால் மட்டும் அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள்.

சம்பந்தி வீட்டார் ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணி மில்லுக்குப் போவார்கள் என்று பஸ் கண்டக்டர் மூலம் தெரிந்தது. அம்மா விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறினாள். ஒரு மஞ்சள் பையில் எங்கள் கொல்லைக் கேழ்வரகை எடுத்துக்கொண்டாள். அது அந்த இடத்து வழக்கம். அன்றைக்கு வருகிற ஒவ்வொரு குடும்பமும் கொஞ்சம் கேழ்வரகைக் கொண்டுவந்து மில்லின் மரப்பெட்டியில் கொட்டும். எல்லாம் ஒன்றாக அரைபடும். அந்த மாவை ஓடைக்கரையில் கன்னிமார் கல்லுக்கு முன்னால் அண்டாவில் கூழாகக் காய்ச்சி, மோர் விட்டு எல்லோருக்கும் ஊற்றுவார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

நாங்கள் போனபோது ஆடிக்காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, பாயின் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். அக்கா நாவல் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்து, கைகள் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் தரையில் கை ஊன்றி எழுந்தாள்.

"அங்கன வழுக்கும். இங்கனயே இரு" என்றார் பக்கத்தில் இருந்த மாமியார், எங்கள் பக்கம் திரும்பாமல்.

அக்கா உட்கார்ந்தாள். அம்மா பத்தடி தள்ளியிருந்த பெஞ்சில் அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"ஏலே, புளிச்சோறு நெறயாக் கிடக்கு" என்று என்னிடம் சொன்னாள். நான் இருந்தது அவள் முழங்கைக்கு அருகில். குரல் ஓடைக்கு அக்கரை வரை கேட்டது. "மாசமா இருக்கவுகளுக்குப் புளிப்புன்னா இறங்கும். யாருக்கும் வேணுமான்னு கேளு."

மாமியார் பாயை மோந்துகொண்டிருந்த ஓர் ஆட்டைப் பார்த்தார். "போ அங்கிட்டு. கண்ட கைச் சோத்தையும் தின்னுபுட்டு அப்பறம் வயித்த வலிக்குதுன்னு வந்து நிக்காத."

"நாங்க கொடுத்து எந்த ஆட்டுக்கும் வயிறு வலிச்சதில்லடா" என்றாள் அம்மா என்னிடம்.

"ஆட்ட விடுங்க அத்தை, எனக்குப் பசிக்குது" என்றாள் அக்கா. பக்கத்துப் பாய்க்காரர்கள் சிரித்தார்கள். மாமியாருக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. ஆனால் தன் சட்டியிலிருந்து தேங்காய்ச் சோற்றை எடுத்து அக்காவுக்கு வைத்தார்.

வாட்ச்மேன் மணி அடித்தார். ஷட்டர் திறந்தது. மரத்தொட்டியில் தண்ணீர் ஓடிவரும் சத்தம் முதலில் வந்தது. சக்கரம் உடனே சுற்றவில்லை. சக்கரத்தின் விளிம்பில் மேலிருந்த இரும்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நிறைந்து, ஒரு பக்கம் கனத்து, முனகி, பிறகு சுற்றியது. எல்லோரும் தானியத்தோடு மில்லுக்குள் போனார்கள். வாட்ச்மேன் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். பெட்டியில் போதுமான அளவு விழுந்ததும் "மதி, மதி" என்று மலையாளத்தில் நிறுத்துவார். மாமியார் தன் படியைக் கொட்டினார். அவருக்கு அடுத்ததாக நிற்கும்படி அம்மா எப்படியோ வரிசையில் புகுந்திருந்தாள். தன் பையைக் கவிழ்த்தாள். வாட்ச்மேன் "மதி" என்று சொன்ன பிறகும் பையை உதறினாள்.

உள்ளே இருட்டு. ஒரே ஒரு சிறிய ஜன்னல். காலுக்குக் கீழே தரை அதிர்ந்துகொண்டிருந்தது. மாவு புகையாக எழுந்து எல்லோர் புருவத்திலும் படிந்தது. அந்தக் கூட்டத்தில் அக்கா அம்மாவுக்கு அருகே வந்துவிட்டாள். அம்மா அவள் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தரையின் அதிர்வா உள்ளே இருப்பதன் அசைவா என்று தெரியவில்லை போல, கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். இரண்டு பேரும் பேசியிருந்தாலும் கல்லின் சத்தத்தில் கேட்டிருக்காது.

மாமியார் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். சக்கரத்துக்கு எதிரே, சாரல் தெறிக்கும் இடத்தில், அரைத்து முடியும் வரை நின்றார். அதற்கு முன்னும் பின்னும் அவரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் அந்த நேரத்தோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

கூழ் தயாரானது. புளிக்க வைக்காத மாவு என்பதால் மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு தந்தார்கள். மாமியார் இரண்டு முறை வாங்கிக் குடித்தார். பாயை எங்கள் பெஞ்சுப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டிருந்தார், வெயிலுக்காக என்பதுபோல. பிறகு வாட்ச்மேனிடம் கேட்டார்: "இந்த வருசம் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சை நல்லாக் காச்சுதாமே?"

வாட்ச்மேனுக்கு ஓடைப்பட்டி எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திருக்காது. "காச்சுச்சுண்ணே" என்று அம்மா அவரிடமே பதில் சொன்னாள். "பழந்தான் நல்லா இருந்துச்சு. மனுசருக்குத்தான் நேருல வந்து எடுத்துக் கொடுக்க நேரமில்லாமப் போச்சு."

மாமியார் தலையை ஆட்டினார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள இடம் இருந்தது. அவர் எடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். அம்மா அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஒன்று திறக்கப் போவது போல இருந்தது. வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏண்ணே, எங்க வீட்டுக் கேப்பை இன்னைக்கு எல்லாரு வயித்துலயும் போயிருச்சு. இனி யாரும் கை நனைக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

சிலர் சிரித்தார்கள். மாமியார் கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணே" என்று அவரும் வாட்ச்மேனையே கூப்பிட்டார். "சாமிக்குக் காச்சுனதுல வீடு ஏது? கல்லுக்குள்ள போன பெறகு எந்த வீட்டுக் கேப்பைன்னு அந்தக் கல்லுக்கே தெரியாது. கூழக் குடிக்க வச்சு ஏமாத்திப்புட்டா வெத்தலை பாக்கு வச்ச மாதிரி ஆயிருமா?"

வாட்ச்மேன் இரண்டு பேரையும் பார்த்தார். "ஷட்டரை அடைக்கணும்" என்று எழுந்து போய்விட்டார்.

பாய் சுருட்டப்பட்டது. வண்டிக்காரன் மாட்டைப் பூட்டினான். அக்கா எங்களைத் தாண்டிப் போகும்போது ஒரு விநாடி நின்றாள். "ஏம்மா, சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அம்மாவின் புருவத்தில் படிந்திருந்த மாவை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். திரும்பும் பஸ்ஸில் புளிச்சோற்றை நான்தான் சாப்பிட்டேன். அம்மா சாப்பிடவில்லை.

ஆவணியில் வளையலை அவர்களே போட்டுக்கொண்டார்கள். அம்மா அப்பாவை ஒரு தடவை போய்வரச் சொன்னாள். அவர் கொடி வெட்டும் கவாத்து வேலை இருக்கிறது என்றார். இரண்டு வீடும் மறுபடி ஒன்று சேர்ந்தன. அதற்கு வருஷங்கள் ஆயின, உறவில் இன்னொரு கல்யாணமும் வேண்டியிருந்தது. உள் அறை அதுவரை காத்திருக்கவில்லை. அந்தப் புரட்டாசியிலேயே உரமூட்டைகளை அடுக்கிவிட்டார்கள்.

புரட்டாசித் தொடக்கத்தில் கண்டக்டர் வந்து சொன்னார், அக்காவைப் போடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக. மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாகத்தான் இருந்தார். மருத்துவச்சிக்குச் சொல்லியாகிவிட்டது. ஊருக்கு வந்த நர்ஸிடம் அக்கா, தனக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். நர்ஸ் உடனே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மா செருப்பு மாட்டாமல் பஸ் ஏறினாள். மறுநாள் நான் மதுரையிலிருந்து போய்ச் சேர்ந்தேன்.

வார்டு வராந்தாவில் ஒரே ஒரு மர பெஞ்சு. அதில் மாமியார் உட்கார்ந்திருந்தார். அம்மா வந்தபோது அவர் பெஞ்சில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். நான் பார்க்கும்போது இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் கொடுத்த ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். முந்தின இரவே பெண் குழந்தை பிறந்திருந்தது. அம்மாதான் கையில் வாங்கியிருக்கிறாள்.

மாமியார் வெந்நீர் வாங்கப் போன நேரம், கட்டில் ஓரத்தில் நின்று அம்மா கேட்டாள்: "கண்ணு இருட்டுதுன்னியாமே? இப்ப எப்படி இருக்கு?"

"உன்னையப் பாக்காம இருட்டாம என்ன செய்யும்?" என்றாள் அக்கா. "வீட்டுல பெத்தா நீ வாசப்படி ஏற முடியாது. இது யாரு வீடு? கவர்மெண்டு வீடு. யாரும் யாருக்கும் பாக்கு வைக்க வேணாம்."

அம்மா அவளை அடிக்கக் கை ஓங்கினாள். கை அப்படியே நின்று, பிறகு குழந்தையின் துணியைச் சரி செய்தது.

நான்கைந்து நாள் அம்மாவுக்கு அங்கே இடம் இருந்தது. ராத்திரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். பிறகு டாக்டர் போகலாம் என்றார். அக்காவின் கணவர் ஜீப் கொண்டுவந்தார். ஜீப்பில் பின்சீட்டில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. யாரும் ஏறச் சொல்லவில்லை. மாமியார் கைகளை நீட்டினார். அம்மா குழந்தையைக் கொடுத்தாள். தலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். அக்கா ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். தேவாரம் ரோடு திரும்பும் வரை அம்மா கையை இறக்கவில்லை.

சின்னமனூர் பஸ்ஸில் கூட்டம் இல்லை. நான் அவளுக்கு ஜன்னலோரம் இடம் விட்டேன். "வேணாம், காத்துப் படும்" என்று உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டு, முந்தானையை மடிமேல் இழுத்துவிட்டாள். மடியில் யாரும் இல்லை.