சுண்ணாம்புக் கரட்டுக்குப் போன நான்கு சைக்கிள்கள்

அவர்கள் மூவருக்கும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் நால்வரும் அஸ்தம்பட்டியில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தோம். சொந்தச் சைக்கிள் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அப்பா பங்குக் கோயில் பள்ளியில் எழுத்தர். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்ட உறவுக்காரர்களிடம், "பஸ்ஸுக்கு நின்னே பாதி நாள் போகுது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டவர்.

மற்ற மூவரில் இருவர் அக்கா தங்கை. எங்களுக்கு அடுத்த தெரு. மூன்றாமவள் நாமக்கல் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு சேலத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தாள். எனக்கு நெருக்கமானவள் அவள்தான்.

போகலாம் என்று ஆரம்பித்ததும் அவள்தான்.

"ஏம்புள்ள, இந்த மைதானத்தையே எத்தனை நாளைக்குச் சுத்தறது? சுண்ணாம்புக் கரட்டு வழியா மலையடிவாரத்துக்கு வண்டித்தடம் போகுதாமா. ஒருக்கா போய்ட்டு வந்தர்லாம்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நான் வந்தபோது மூவரும் வாடகைச் சைக்கிளோடு நின்றிருந்தார்கள். ஏற்காட்டு மலை பாதிக்கு மேல் தெரியவில்லை.

"மழை வரும்போல இருக்கு. அடுத்த வாரம் போலாம்" என்றேன்.

"அடுத்த வாரம் என்னையப் பொண்ணு பாக்க வாராங்க. அப்பறம் யாரு என்னைய வெளிய உடுவாங்க?" என்றவள் பதிலுக்குக் காத்திராமல் பெடலை மிதித்துவிட்டாள்.

தார்ச்சாலையை விட்டுக் கரடு என்கிற அந்தப் பொட்டல் குன்றுப் பக்கம் இறங்கியதும் மண் வெள்ளையாக மாறியது. வெள்ளைக்கல் வெட்டியெடுத்த பள்ளங்கள், கொட்டிவைத்த கல் குவியல்கள், நடுவே லாரியும் மாட்டுவண்டியும் போட்ட தடம். முறைத்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை. மேட்டில் எழுந்து நின்று மிதித்தோம், இறக்கத்தில் கத்திக்கொண்டே இறங்கினோம். அந்த அரை மணி நேரம் நன்றாக இருந்தது. அதை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மழை மலையிலிருந்து ஒரேயடியாக இறங்கியது. ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. கொஞ்ச நேரத்தில் தடம் முழுக்க அரைத்த மாவு போல ஆகிவிட்டது. சேறு மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ள, சக்கரம் சுற்றவில்லை. குச்சியால் சுரண்டினோம். பத்தடி தள்ளியதும் மறுபடி அடைத்துக்கொண்டது. தங்கைக்காரி அழ ஆரம்பித்தாள்.

நாமக்கல்காரிக்குத் தள்ளப் பொறுமை இல்லை. ஓர் இறக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "எறங்குடி, பிரேக் பிடிக்காது" என்று நான் கத்தியது அவள் காதில் விழுந்திருக்கும். கீழே கல் குவியலில் முகம் மோத விழுந்தாள். தூக்கி நிறுத்தியபோது வாயெல்லாம் ரத்தம். முன்பல் ஒன்று பாதி இல்லை.

அந்த வழியாக வந்த கல் லாரியின் டிரைவர்தான் எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். வயதானவர். "ஏஞ்சாமி, இந்த மழையில இங்க என்ன பண்றீங்க? ஏறுங்க, சைக்கிளப் பின்னால போட்டுக்கலாம்" என்றார். தன் துண்டைக் கொடுத்து அவளை வாயில் அழுத்திக்கொள்ளச் சொன்னார்.

லாரிக்குள் அக்காக்காரி மெல்லச் சொன்னாள். "யாரு கேட்டாலும் நாலு பேரும் பேசி வெச்சுத்தான் போனோம்னு சொல்லணும்." எல்லோரும் தலையாட்டினோம். துண்டை அழுத்தியபடி நாமக்கல்காரியும் ஆட்டினாள்.

அஸ்தம்பட்டி முனையில் இறங்கினோம். ஊர் பார்த்தது அதைத்தான். இடுப்புவரை வெள்ளைச் சேற்றோடு நான்கு பெண்கள் லாரியிலிருந்து இறங்கியதை.

அன்று சாயங்காலமே அவளுடைய அத்தை ஆள் அனுப்பினாள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா தங்கையின் அம்மா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றோம்.

"மாப்பிள்ளை ஊட்டுக்கு நான் என்னனு சொல்லட்டுமுங்க? உங்க புள்ளையாலதானுங்க எல்லாம்" என்றாள் அத்தை. பிறகு உள்ளே திரும்பி, "நீயே சொல்லு" என்றாள்.

நாமக்கல்காரி கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். உதடு வீங்கியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவதான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போனா" என்றாள்.

"என் பிள்ளைங்களும் அதைத்தான் சொல்லுதுங்க" என்றாள் அந்த அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். பிறகு கையை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பினார். "தப்புத்தானுங்க. மன்னிச்சுக்குங்க."

திரும்பி நடக்கும்போது, "நான் சொல்லலப்பா, அவதான்" என்றேன். "தெரியும்" என்றார். தெரிந்தும் ஏன் கும்பிட்டார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மறுவாரம் சைக்கிள் தம்பிக்குப் போனது. வகுப்பில் அக்காவும் தங்கையும் வேறு நேரத்துக்கு மாறிக்கொண்டார்கள். பல்லைச் சரிசெய்து அவளுக்கு அந்த இடத்திலேயே கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை.

ஆறேழு வருடம் கழித்து எனக்குப் பள்ளிபாளையத்தில் வேலை கிடைத்தது. அங்கே பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து தோளைத் தொட்டாள். அவள்தான்.

"அன்னிக்கு எப்படி நனைஞ்சோம், இல்லபுள்ள?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கப்பா உங்க அத்தை வாசல்ல கையெடுத்துக் கும்பிட்டாரே, அது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவள் முகம் மாறியது. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நான் வேற என்னத்தச் சொல்றது? உனக்கு உங்கப்பா இருந்தாரு. எனக்கு அந்த ஊட்ட உட்டா எங்க போறதுக்கு இருந்துச்சு?"

அவள் சொன்னது நியாயம்தான். அது எனக்கு அன்றே தெரிந்திருந்தது. ஆனாலும் குழந்தையின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தும் அவள் நின்ற பக்கம் திரும்பவில்லை.