சலங்கைக்கு எத்தனை மைக்ரோஃபாரட்

நடனத்தைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று எங்கள் குடும்பம் நம்பிய காலம் ஒன்று உண்டு. அனுப்பியவள் என் சித்தி. மயிலாப்பூரில் அவளுடைய அரங்கேற்றம். கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ். நடுவே ஒரு முழு நாளைத் தின்றுவிடும் ரயில் பயணம். அம்மாவுக்கு வங்கியில் லீவு கிடைக்கவில்லை. சித்தி அழவில்லை, கோபிக்கவில்லை. அரங்கேற்றம் முழுவதையும் கேசட்டில் பிடித்து, பழைய தாவணித் துணியில் சுற்றி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டாள். கூடவே ஒரு வரி: தில்லானாவில் என் காலைக் கேள் அக்கா, கேட்டுவிட்டு எழுது.

அம்மா கேட்டாள். அப்பா கையால் செய்த ஆம்ப்ளிஃபையர், அப்பா கையால் அறுத்து ஒட்டிய ப்ளைவுட் பெட்டி, அதற்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு ஸ்பீக்கர். மிருதங்கம் இருந்தது. பாடுகிறவர் இருந்தார். நட்டுவனாரின் அதட்டல் இருந்தது. முன்வரிசையில் இருமிய மாமாகூட இருந்தார். சித்தியின் சலங்கையை மட்டும் காணோம். அம்மா மூன்று முறை சுற்றிச் சுற்றிப் போட்டுப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்திருக்காங்க. என் தங்கச்சிதான் இன்னும் மேடைக்கு வரல."

சொல்லிவிட்டு கேசட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பதில் எழுத முடியவில்லை. நல்லாருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிப் போடேன் என்று அப்பா சொன்னதற்கு அவரைப் பார்த்த பார்வையில் அவர் முற்றத்துக்குப் போய்விட்டார். கேட்காததைக் கேட்டேன் என்று எழுத அம்மாவுக்கு வராது. அது அவளுடைய நோய். இதற்குள் மயிலாப்பூரிலிருந்து இரண்டு இன்லேண்டுக் கடிதங்கள் வந்துவிட்டன, கேட்டாயா என்று. மூன்றாவதில் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

அந்த மூன்றாவது கடிதம்தான் அப்பாவைக் கிளப்பியது. எஞ்சின் ஷெட்டில் அவருக்கு ராத்திரி டூட்டி. எனக்கு துர்கா பூஜா விடுமுறை. அம்மா ஆபீஸ் போனதும் வீடும் பீரோ சாவியும் எங்கள் இருவருக்கும்தான். பெரிய ஸ்பீக்கரின் தலைக்கு மேல் ஒரு துளை போட்டு, கொட்டாங்கச்சி அளவில் ஒரு ட்வீட்டரைப் பொருத்தினார். மெல்லிய சத்தங்களுக்கென்றே பிறந்த சின்ன ஸ்பீக்கர் அது. ஆனால் அதன் வாசலில் ஒரு காவல்காரன் வேண்டும், தடித்த சத்தங்களைத் திருப்பி அனுப்ப. கெப்பாசிட்டர்தான் காவல்காரன். எத்தனை மைக்ரோஃபாரட் என்பதைப் பொறுத்து அவன் கறாரானவனாகவோ, யாரைப் பார்த்தாலும் கதவைத் திறந்துவிடுகிற அசடாகவோ இருப்பான். நம்பர் ஏற ஏற அசடு.

முதலில் பழைய ரேடியோவிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மாட்டினார். ப்ளஸ், மைனஸ் என்று திசை பார்த்து வேலை செய்கிற சாதி. ட்வீட்டர் தொண்டை கட்டினதுபோல் கரகரத்தது. ஸ்பீக்கருக்குள் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும், ஒருவழி ஆளை அங்கே நிறுத்தக்கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ரேடியோ சாமான் விற்கிற சாந்தினி மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். லோக்கல் ரயிலில் ஹௌரா, அங்கிருந்து பஸ், பந்தல்களுக்கு மூங்கில் கட்டுகிற தெருக்கள், தண்டவாளத்தோரம் வெள்ளையாய்த் தலையாட்டுகிற காஷ் நாணல் பூக்கள். நான் அன்று நடந்ததாக ஞாபகம் இல்லை, குதித்ததாகத்தான் ஞாபகம்.

திசை பார்க்காத, மஞ்சள் மிட்டாய் போன்ற கெப்பாசிட்டர்களில் நாலு தினுசு வாங்கினார். ஒன்று, இரண்டு புள்ளி இரண்டு, நாலு புள்ளி ஏழு, பத்து. கடைக்காரர் சிரித்தார். ஒரு ட்வீட்டருக்கு ஒன்று போதுமே தாதா, உங்கள் காது அத்தனை பெரிய உஸ்தாதா என்று வங்காளியில் கேட்டார். அப்பா என் தலையில் கையை வைத்து, "காது என்னுது இல்ல, இவளோடது" என்றார், அவரும் வங்காளியிலேயே. கடைக்காரர் எனக்கு ஒரு லாசென்ஸ் கொடுத்தார். மிட்டாய்க்கு அங்கே அதுதான் பேர். என் காதுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

அதன்பின் வந்த மத்தியானங்களைப் போல் மத்தியானங்கள் எனக்குத் திரும்ப வாய்க்கவில்லை. அப்பா ஒன்றை மாட்டுவார், தில்லானாவின் அதே அரை நிமிடத்தை ஓடவிடுவார், பெட்டியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பந்தலில் டாக் மேளம் முழங்க ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு பிடி முறுக்கு. அது ஓய்ந்ததும் மறுபடி.

"இப்ப எங்க இருக்கா சித்தி?"

பத்தைப் போட்டபோது மிருதங்கமே ட்வீட்டருக்குள் புகுந்து தகரக் கூரையில் ஓடியது. நாலு புள்ளி ஏழில் சலங்கை வந்தது, ஆனால் மிருதங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் முரட்டுத்தனமாக. ஒன்றில் எறும்பு சலங்கை கட்டியிருக்கிறது என்றேன். அப்பா தன் டூட்டி நோட்டின் பின்பக்கத்தில் 'எறும்பு' என்றே எழுதினார், ஒரு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டின் முகத்தோடு. இரண்டு புள்ளி இரண்டுக்கு, சித்தி பக்கத்து ரூமில் ஆடுகிறாள் என்றேன்.

"பக்கத்து ரூம் வரைக்கும் வந்துட்டாளா? அது போதும்டி" என்று அஷ்டமியன்று அதையே பற்றவைத்துவிட்டார்.

நவமியன்று எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை. அந்த வருடக் கொலுவுக்குப் பலகை போதாமல், அம்மா ஸ்பீக்கர் பெட்டியையே கீழ்ப்படியாக்கி, முன்பக்கத்தை மட்டும் மறைக்காமல், மேலே வேட்டி விரித்திருந்தாள். செட்டியாரும் செட்டிச்சியும் ட்வீட்டருக்கு நேர் மேலே. மத்தியானம் நான் படிகளுக்குப் பின்னால் தவழ்ந்து போய், பின்பலகை அடிக்காத பெட்டியின் முதுகுக்குள் விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா கடைசியாக ஒரு தடவை கேசட்டை ஓட்டிப் பார்த்தார். என் கையில் மிச்சமிருந்த 'எறும்பு'. சும்மா, அதன் இரண்டு கால்களையும் பற்றவைத்திருந்த இரண்டு புள்ளி இரண்டின் கால்கள்மேல் வைத்து அழுத்தினேன்.

சித்தி வாசற்படி தாண்டி உள்ளே வந்தாள்.

"அப்பா, வந்துட்டா. கூடத்துக்கே வந்துட்டா."

அப்பா எட்டிப் பார்த்து, ஒரு வினாடி யோசித்து, தொடையில் தட்டிக்கொண்டார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா கூட்டிக்கும், மூணு புள்ளி ரெண்டு, கடையில கேட்டாலும் கிடைக்காது என்றவர், பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைத் தேடினார். அது அம்மாவின் பேனாவுக்கும் என் ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் நடுவே, சந்தனப் பொட்டும் குங்குமமுமாக, சரஸ்வதியின் முன்னால் படுத்திருந்தது.

"ஒரே ஒரு ஜாயின்ட்டுதான்" என்றார் அப்பா.

"பூஜைல வெச்சாச்சு. நாளைக்குப் புனர்பூஜை முடிஞ்சுதான் கை வெக்கணும்."

"நாளைக்கு விடியக்காலைல நான் கரக்பூர் போறேன். திரும்ப பத்து நாள் ஆகும்."

"அதுக்கு? பத்து நாள்ல என் தங்கச்சி கிழவி ஆயிட மாட்டா" என்றாள் அம்மா. ஆனால் அவள் கண் பீரோமேல் இருந்த மூன்று இன்லேண்டுகளிடம் போய்விட்டு வந்தது. அதை நான் பார்த்தேன்.

"நான் கையால புடிச்சுக்கறேன்மா. கை ஆயுதமா?"

அம்மா வெகுநேரம் யோசித்தாள். வங்கியில் பெரிய செக்குகளுக்கு அப்படித்தான் யோசிப்பாளாம். கை ஆயுதம் இல்லை என்று தீர்ப்பானது. டேப் ரெக்கார்டர் மட்டும் வாத்தியம் இல்லையா என்று அப்பா வம்புக்கு இழுக்க, "வாசிக்கத்தான் கூடாது. கேக்கறதுக்கு யாரும் தடை போடல. வாயை மூடிட்டு உக்காருங்க" என்று அதற்கும் தீர்ப்பானது.

சாயங்காலம், பக்கத்து வீட்டு வங்காளிக் காக்கிமா தேங்காய் உருண்டைகளோடு கொலு பார்க்க வந்து, சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டார். நான் படிகளுக்குப் பின்னால், இருட்டில், வேட்டிக்குள், இரண்டு கைகளிலும் கம்பிக் கால்களைக் கிள்ளிப் பிடித்தபடி. வேட்டியின் விலகலில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தரையில் அம்மாவின் பாதங்கள், பக்கத்தில் முழங்கால்மேல் அப்பாவின் கை.

தில்லானா. மிருதங்கம் அடிக்க, பெட்டி அதிர, தலைமேல் செட்டியார் கிடுகிடுக்க, சித்தி ஆடினாள். ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, கொத்தாக, சிதறி, கூடி. குதிகாலா முன்காலா என்றுகூடச் சொல்லிவிடலாம். "ஓய் தோ, நாச்சே" என்றார் காக்கிமா, அதோ ஆடுகிறாளே என்று, எதிரில் யாரோ நிற்பதுபோல். அம்மாவின் கால் கட்டைவிரல் தரையைத் தட்ட ஆரம்பித்தது. கூடவே அப்பாவின் சுட்டுவிரல் முழங்காலில்.

என் விரல்கள் மரத்துப்போயின. சந்தோஷம் தாங்காதபோது பிள்ளைகளுக்கு வருமே ஒரு விஷமம், அது வந்தது. பிடியைக் கொஞ்சம் விட்டேன். சித்தி பக்கத்து ரூமுக்குப் போனாள். அம்மாவின் கட்டைவிரல் சட்டென்று நின்றது. அரை மூச்சு கழித்து அப்பாவின் விரல் நின்றது. பயந்துபோய் அழுத்தினேன். கட்டைவிரல் புறப்பட்டது, அரை மூச்சு கழித்து சுட்டுவிரல் புறப்பட்டது. அதன்பின் கடைசி அடிவரை நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அம்மா எழுந்து வேட்டியை விலக்கி, என்னை வெளியே இழுத்து, என் பத்து விரல்களையும் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பேனா பூஜையில் இருந்ததால் கடிதத்தை வாயாலேயே எழுதினாள், எங்கள் முன்னால், நடந்துகொண்டே: அடியே, மூணாவது தீர்மான அடவுல உன் இடது கால் ஒரு மணிச் சத்தம் முன்னாடி விழுந்துடுச்சு, மத்தபடி நீதாண்டி ஆடினே. காக்கிமாவுக்குப் பாதி புரியவில்லை. இருந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைய வீராங்கனை நான்தான் என்பதால், வாய் கொஞ்சம் நீண்டது. உனக்குத் தாளமே வரலப்பா, எப்பவும் அம்மாவுக்கு அப்புறம்தான் போடறே என்றேன். "ஆமாடி, நம்ம லைன்ல எப்பவுமே லேட்டுதான்" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஜோக்கைப் பல மாதங்கள் குவார்ட்டர்ஸ் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எஞ்சின்களுக்கு நடுவே கழிந்த வருடங்கள் மெல்லிய சத்தங்களை எல்லாம் அவர் காதிலிருந்து எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தில்லானா முழுவதையும் அவர் அம்மாவின் கட்டைவிரலைப் பார்த்துத்தான் கேட்டார் என்பதும்.