சிவப்புப் புள்ளிக்குள் ஒரு வீடு

உங்கள் வீட்டைச் சாத்தானின் கோட்டை என்று அச்சடித்து, கதவு எண்ணோடு நாற்பது நாடுகளுக்கு யாராவது தபாலில் அனுப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

மடிப்பக்காவுக்கு அது நேர்ந்தது. மிஷன் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஜெபக் கடிதங்களை மடித்து உறையிலிடுகிறவள். அவளுக்குச் சொந்தப் பெயர் உண்டு. சம்பளப் பட்டியல் மட்டும்தான் அதைச் சொல்லும். கண்ணைக் கட்டிவிட்டாலும் மடிப்பு மயிரிழை பிசகாது. விசுவாசி. எங்கோ யாரோ தான் மடித்த தாளைக் கையில் வைத்து முழங்காலிடுகிறார்கள் என்பதில் அவளுக்குப் பெருமை.

கடிதத்தின் மூன்றாம் பக்கம் எப்போதும் 'போர்முனை வரைபடம்'. அசுத்த ஆவி குடியிருப்பதாகச் சொல்லப்படும் வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி. ஜெபப்படை அவற்றைச் சுற்றிப் பாடிக்கொண்டே நடக்கும். இதுவரை எல்லாம் தூரதேசத்து வீடுகள். போன வருடம் அப்படிப் புள்ளி விழுந்த ஒரு தையல்காரியின் கதையை அச்சு மிஷின் ஓட்டும் மிஷின்காரர் படித்துக் காட்டினார். பாடியவர்கள் பாடிவிட்டுப் போனார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் கல்லெடுத்தார்கள். அவளுக்கு ஒரு கண் போயிற்று. "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு மடிப்பக்கா அடுத்த தாளை மடித்தாள்.

இந்த வியாழக்கிழமை மூன்றாம் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சைக்கிள் கடை. வளைவு. வளைவிலிருந்து மூன்றாவது வீட்டில் புள்ளி. 'இங்கே ஒரு பெண்ணைப் பிடித்த ஆவி தெருவையே கட்டி வைத்திருக்கிறது. சனிக்கிழமை காலை நம் படை புறப்படும்.'

அந்தப் பெண் அவள் கணவனின் அக்கா. ஆவியும் இல்லை, கோட்டையும் இல்லை, வலிப்பு. இரண்டு வேளை மாத்திரையில் மூன்று மாதமாக அடங்கியிருக்கிறது. யார் சொன்னது இவர்களுக்கு? போன மாதம் அவளுக்காக ஜெபிக்கச் சொல்லி ஜெபப் பெட்டியில் சீட்டெழுதிப் போட்டது யார்? தவளை தன் வாயால்தான் கெடும்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் மிஷின்காரர்.

"இது என் வீடு."

"அடேங்கப்பா, உலகப் புகழ்! கேக் எங்க?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்தார். கை தானாகப் போய் மிஷினை நிறுத்தியது.

மேலாளரிடம் ஓடினாள்.

"நாம போராடுறது மனுஷங்களோட இல்லையே சிஸ்டர், ஆவிகளோடதானே?"

"கல்லு பட ஆவிக்கு நெத்தி கிடையாது பிரதர். எங்க அண்ணிக்கு இருக்கு."

"பேரு போடலையே."

"கதவு நம்பர் போட்டிருக்கீங்களே! பேரு எதுக்கு?"

"வெளிநாட்டுக் கட்டு நேத்தே போயாச்சு. நீங்க ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டிருந்தீங்கல்ல? சனிக்கிழமை நடையும் சபையில சொல்லியாச்சு. ஜெபம் பண்ணிக்குவோம்."

அண்ணிக்கு மாத்திரை வாங்கப் போன நாளில்தான் அண்ணி நாற்பது நாடுகளுக்குப் போயிருக்கிறாள். மடிப்பக்கா திரும்பி வந்து உள்ளூர்க் கட்டின்மேல் உட்கார்ந்தாள். சற்றுப் பொறுத்து மிஷின்காரரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தபால் வண்டி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

அண்ணியிடம் அவள் சொல்லவில்லை. பயந்தால் வலிப்பு திரும்பலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சனிக்கிழமை விடிந்ததும் வாசலில் நாற்காலி போட்டு, குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"யாரும்மா பாடுறாங்க? நல்லாத்தான் இருக்கு" என்றாள் உள்ளேயிருந்து அண்ணி.

"யாரோ போறாங்க அண்ணி. மாத்திரை போட்டீங்களா?"

பாட்டு வளைவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டார் வெளியே வந்து நிற்கிறார்கள். மடிப்பக்கா முகங்களைப் பார்க்கவில்லை, கைகளையே பார்க்கிறாள். இதுவரை யார் கையிலும் ஒன்றுமில்லை.

அப்படியொரு தாள் உங்கள் மேசையிலும் கிடக்கலாம். முழங்காலிடுவதற்கு முன் மூன்றாம் பக்கத்தைப் பிரியுங்கள். புள்ளிக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அனுப்பியவர்களுக்கு இன்றே எழுதுங்கள்: புள்ளியை எடுங்கள், நடையை நிறுத்துங்கள்.