நீரேரிக்கு அந்தப் பக்கத்து இனம்

தெல்லிப்பழைக்காரனான நான் நீரேரிக்கு அப்பால் வடமராட்சியிலுள்ள கரவெட்டிப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்றதும் பெரியம்மா கொதித்தார்.

“வடமராட்சியார் வேறை சனம். எங்களோடை ஒத்துவராது.”

உயிரியல் படிப்பிக்கிறவன் சும்மா இருப்பேனா? ஓர் உயிரினக் கூட்டம் நீராலோ மலையாலோ பிரிந்து, பன்னெடுங்காலம் கலக்காமல் தனித்தனியே மாறினால்தான் புதிய இனம் தோன்றும். இரண்டு ஊருக்கும் நடுவில் கிடப்பதோ பேருந்து ஐந்து நிமிடத்தில் கடக்கும் நீரேரி என்று விளக்கினேன். சேர்ந்து பிள்ளை பெற்றால் ஒரே இனம்தான் என்று சவாலும் விட்டேன்.

மகள் பிறந்ததும் தொட்டிலைக் காட்டினேன். “பாத்தியளோ பெரியம்மா? ஒரே இனம்!”

பெரியம்மா அசரவில்லை. “குதிரைக்கும் கழுதைக்கும்கூடத்தான் குட்டி பிறக்குது. அந்தக் குட்டி பிறகு குட்டி போடுதோ?”

பாடத்தின் அந்தப் பாதியை நான் வசதியாக விட்டிருந்தேன். மறுமொழி சொல்ல வேண்டியவள் தொட்டிலில் நித்திரை கொண்டிருந்தாள்.