சிதம்பரத்தில் இரண்டாவது பரிசோதனை

இந்தப் பக்கத்தில் இதுவரை பிச்சாவரம் படகு, ஸ்ரீமுஷ்ணம் தேர், நெய்வேலிச் சுரங்கம் என்று எழுதி வந்திருக்கிறேன். இந்தப் பயணத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. போன மாதம் ஒரு புதன்கிழமை, கடலூர் முதுநகரிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் சிதம்பரத்துக்குப் போனோம். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்று மூன்று மாதத்தில் இரண்டாவது முறையாகப் பார்த்துவிட்டு வர. இதே காரியத்துக்காக இதே பஸ்ஸில் ஏறப் போகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் சவூதியில் இருந்தார். விசா புதுப்பிக்கும்போது ரத்தம் எடுத்தார்கள், எச்.ஐ.வி. இருக்கிறது, மெடிக்கல் அன்ஃபிட் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கம்பெனி மூடிவிட்டது என்று சொன்னோம். எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. தினம் ஒரு மாத்திரை. ஆறு மாதத்தில் ரத்தத்தில் வைரஸ் கணக்கில் வராத அளவுக்குக் குறைந்தது. அந்த நிலையில் மனைவிக்குப் பரவாது, குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று டாக்டரே சொன்னார். என் பரிசோதனைகளும் நெகட்டிவ்தான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாத்திரையை, ஊருக்கு வந்தபின் அவர் போட்ட செருப்புக் கடையில் கல்லாப் பெட்டிக்குள் வைத்திருந்தார். லுஹர் தொழுதுவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் போடுவார். வீட்டில் வைத்தால் அவர் அம்மா கேட்பார். ரமலான் வந்தது. பகலில் போட முடியாது. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும், சாயங்காலம் நோன்பு திறக்கவும் வீட்டில் பதினோரு பேர் ஒரே விரிப்பில் உட்காருவோம். யாருக்கும் தெரியாமல் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. முப்பது நாள்தானே என்று நிறுத்திவிட்டார். பெருநாள் வந்தது, உடம்பு தெம்பாகத்தான் இருந்தது. நோன்பில் உடம்பு சுத்தமாகிவிட்டது என்று நினைத்தாராம். பிறகும் போடவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. பக்ரீத் நெருங்கும்போது விடாத இருமல் வந்தது, எடை குறைந்தது. அதட்டிக் கேட்டபோதுதான் வாயைத் திறந்தார்.

அதற்குச் சில நாள் முன்னால் எனக்கும் காய்ச்சல் வந்திருந்தது. தொண்டை வலி, நெஞ்சில் லேசான தடிப்பு, கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ஊரெல்லாம் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்தேன். விஷயம் தெரிந்து சிதம்பரத்துக்கு ஓடிப்போய்ப் பரிசோதித்தபோது நெகட்டிவ் வந்தது. அன்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி நெய்ச்சோறு ஆக்கினேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இது இப்போதைக்குதாம்மா. மூணு மாசம் கழிச்சு வாங்க, அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருங்க," என்றார். மூன்று மாதமும் தனித்தனிப் பாயில் படுத்தோம். இப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது.

இனி பயணம். முதுநகரில் காலை ஏழே முக்காலுக்குப் பஸ் ஏறினோம். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் ஒருவருக்கு முப்பத்தெட்டு ரூபாய். கடலூரிலேயே மருத்துவமனை இருக்க ஏன் சிதம்பரம் என்று கேட்பீர்கள். கடலூரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை, அதனால்தான். எங்களைப் போலவே சிதம்பரத்துக்காரர்கள் கடலூருக்கு வருகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வழியில் எங்கேயோ இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டிப் போகும்போலிருக்கிறது.

சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும்போது வழக்கமான வாடை அடித்தது. எல்லாரும் மூக்கை மூடினார்கள். அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மாஸ்க் போட்டிருந்தார். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார், பரவும் கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்து சீட் அம்மாள், "இந்த வாடைக்கு இரும்பாம என்னா பண்ணுவாங்க, எங்க வூட்லயும் இப்டிதான்," என்றார். அந்த அம்மாள் பெரிய உபகாரம் செய்துவிட்டதுபோல இவர் தலையாட்டினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மறைப்பதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் இந்த மனுஷனுக்கு நோயே போனமாதிரி.

சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரி பின்பக்கம் என்றேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"பின்பக்கம் ரெண்டு கேட்டு இருக்குது. டிபியா, ஏஆர்டியா?"

என் வீட்டுக்காரர் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கூச்சப்படாதீங்கம்மா. தெனிக்கும் நாலு பேரையாவது கொண்டாந்து உட்றேன். எல்லாரும் பின்பக்கம்னுதான் சொல்வாங்க."

ஏஆர்டி என்றேன். எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிற இடத்தை அப்படித்தான் சொல்வார்கள். வாசலிலேயே இறக்கிவிட்டு ஐம்பது ரூபாய் வாங்கினார், அங்கே அதுதான் நியாயமான வாடகை.

ரத்தம் எடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். என்னைப்போல எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் என்னைவிட வயது குறைந்த பெண். சுற்றி வளைக்கவில்லை. "பாசிட்டிவ் வந்திருக்கும்மா. மூணு விதமா டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டோம்," என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அழவில்லை. "போன தடவ நெகட்டிவ்னீங்களே?" என்று சண்டைக்குப் போனேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்தப் பரிசோதனை வைரஸைப் பார்ப்பதில்லையாம். வைரஸைப் பார்த்து என் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறதாம். அதைத் தயாரிக்க உடம்புக்குச் சில வாரங்கள் பிடிக்கும். நான் போன தடவை வந்தபோது வைரஸ் உள்ளே பெருகிக்கொண்டிருந்தது. உடம்பு அப்போதுதான் விழித்திருந்தது. அந்தக் காய்ச்சலும் நெறியும் அதுதானாம்.

கிருமி நுழைந்தால் காவல் செல்கள் அதைப் பிடித்து, நெறி கட்டுகிற அந்த முடிச்சுகளுக்குக் கொண்டுபோய், சிடி4 என்ற செல்களிடம் காட்டும். எதிர்ப்பொருள் தயாரி, நோய் தொற்றிய செல்லைக் கொல் என்று மற்ற செல்களை முடுக்கிவிடுவது இந்த சிடி4தான். எச்.ஐ.வி. குடியேறுவதும் அதற்குள்ளேயேதான். திருடனைப் பிடித்துக்கொண்டுபோய் ஊர்த் தலைவர் வீட்டிலேயே விட்டதுபோல. எதிர்ப்பொருள் தயாராகி வருவதற்குள் அது தன் உருவத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. உடம்பு மறுபடி புதிதாகத் தயாரிக்கிறது. அது மறுபடி மாறுகிறது. வருடக்கணக்கில் இப்படியே நடந்து, சிடி4 தீரத் தீர சாதாரண டிபிகூட உள்ளே வந்துவிடுகிறது.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். "நிறுத்துனப்போ எனக்கு ஒண்ணுமே ஆவலியே டாக்டர். நல்லாதான இருந்தேன்?"

"சில செல்லுக்குள்ள வைரஸ் தூங்கிக்கிட்டு இருக்கும் சார். மாத்திரை அதைத் தொட முடியாது, பெருகாம மட்டும்தான் பாத்துக்கும். நீங்க நிறுத்துனதும் எழுந்துக்கிச்சு. நல்லா இருந்தீங்கன்னா, உங்க உடம்பு தனியா சண்ட போட்டுக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம்."

நோன்பு வைத்தபடியே மாத்திரை போட்டிருக்கலாமா என்று கேட்டேன். ராத்திரிக்கு மாற்றியிருந்தால் போதும், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே என்றார். அந்த ஒரு வார்த்தையை நினைத்து அங்கேயே உடைந்துவிட்டேன். அவர் மறுபடி போடத் தொடங்கியிருந்த பழைய மாத்திரை இனியும் வேலை செய்யுமா என்பது அடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். எனக்கு அன்றே மாத்திரை கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரை மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிறகு நான் சொன்னேன். "என் மாத்திரைய நான் வூட்டுலதான் வெப்பேன்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவாங்க."

"தெரியக் கூடாதுன்னு பாத்துதாங்க எனக்கு வந்துச்சு."

"நானே சொல்லட்டுமா?" என்று கேட்டார். சரி என்றேன்.

போகிறவர்களுக்கு: காலை எட்டரைக்குள் போய்விட்டால் கூட்டம் குறைவு. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பயம் வந்த மறுநாளே பரிசோதித்து, நெகட்டிவ் என்றதும் நெய்ச்சோறு ஆக்காதீர்கள். டாக்டர் சொல்கிற நாளில் மறுபடி போங்கள். தொற்று ஏற்பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் உடனே போங்கள், மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மாத்திரை உண்டு. எனக்கு அது தெரிந்தபோது நாள் தாண்டியிருந்தது. நோன்போ, கல்யாணமோ, ஊர்ப்பயணமோ, மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமானால் கேட்டு மாற்றுங்கள், நிறுத்தாதீர்கள்.

அன்று சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் தன் அம்மாவிடம், என் மாமியிடம், சொன்னார். முழுதாகச் சொல்ல முடியவில்லை. மீதியை நான் சொன்னேன். மாமி அழவில்லை, திட்டவில்லை. தட்டாலும் டம்ளராலும் இது ஒட்டாது என்பதையும் எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை அடுப்படியில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் தண்ணீர் மொண்டு, மாமியின் முன்னாலேயே அவருக்கு ஒன்றைக் கொடுத்தேன். முதல் தடவையாக இருவரும் சேர்ந்து மாத்திரை போட்டோம்.