ஜெரால்ட் நிமிர்த்திய இறக்கை

லாங் ஐலண்ட் என்கிற சின்னத் தீவில் ப்ளைவுட் மில் மூடியபோது வேலை போனவர்களில் பாதிப் பேர் மெயின்லாண்டுக்குக் கப்பல் ஏறினார்கள். ஜெரால்ட் ஏறவில்லை. படகு வந்து நிற்கிற ஜெட்டிக்குப் பக்கத்தில் கம்பு நட்டு, தகரம் போட்டு, டிங்கி கட்ட ஆரம்பித்தார். தீவில் மீன் பிடிக்கப் போகிற சின்னப் படகுக்கு அதுதான் பெயர். கொட்டகைக்குப் பட்டா கிடையாது. இத்தனை வருஷம் யாரும் கேட்கவும் இல்லை. ரிசார்ட் கட்டப் போகிறோம் என்று ஒருவர் வந்து நின்ற அன்றைக்குத்தான் அது யாருடைய நிலம் என்ற கேள்வியே பிறந்தது. இப்படித்தான் நடக்கும். கடற்கரையில் உழைக்கிறவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். கடல் தெரிகிற அறைக்கு வாடகை வரும் என்றதும் இடைஞ்சலாகத் தெரிவான்.

வந்து நின்றவர் கான்ட்ராக்டர் திருநாவுக்கரசு. ராமநாதபுரத்துக்காரர். அவருக்கு ஒரு விமான மாடல் வேண்டியிருந்தது. போர்க்காலத்தில், தீவுகள் ஜப்பான்காரன் கையில் இருந்தபோது, பிரிட்டிஷ் கப்பலிலிருந்து பறந்து வந்த சண்டை விமானம் ஒன்று அடிபட்டுப் பக்கத்துத் திட்டில் விழுந்தது. ஓட்டிய ஆள் பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தான். அவனுடைய மகள், எண்பது வயதுப் பெண்மணி, ரிசார்ட் திறப்பு விழாவுக்கு வரச் சம்மதித்திருந்தாள்.

"ப்ளேன நல்லா செஞ்சு குடு ஜெரால்டு. ஒன் ஷெட்டையும் ரிசார்ட் பிளான்ல சேத்துர்றேன். படகு கட்டுறத டூரிஸ்ட் வேடிக்க பாப்பான். சொதப்புனேன்னா மழைக்கு முன்னாடி ஜேசிபி வந்து நிக்கும். அவ்ளோதான்."

கொடுத்தது ஒரே ஒரு போட்டோ. போர் முடிந்த பிறகு யாரோ எடுத்தது. நீர் வடிந்த கடலில், பாறைமேல் விமானம் கிடக்கிறது. முன்னால் இருக்கிற விசிறி மடங்கியிருக்கிறது. வால் பிளந்திருக்கிறது. இறக்கை இரண்டும் உடம்பிலிருந்து கீழே இறங்கி, முழங்கை மடக்கினதுபோல் மடங்கி, மறுபடி மேலே ஏறுகின்றன.

ஜெரால்டின் அப்பா இடிந்தகரையிலிருந்து வந்தவர். அங்கே கடலில் கவிழ்ந்து உயிரோடு கரை சேர்ந்தவர்கள், அதே படகைச் சின்னதாக மரத்தில் செய்து மாதா சிலை இருக்கிற கெபியில் காணிக்கை வைப்பார்கள். அந்த வழக்கம் அவரோடு கப்பலேறி வந்தது. அதில் ஒரு விதி உண்டு. படகு எப்படி நொறுங்கியிருந்தாலும் காணிக்கைப் படகு முழுசாக இருக்க வேண்டும். உடைந்ததை மாதாவிடம் காட்டக் கூடாது. இந்தத் தீவில் தப்பிப் பிழைத்த எல்லோருக்கும் காணிக்கைப் படகு செய்தது ஜெரால்டின் கைதான்.

அந்தக் கை விமானத்துக்கும் அதையே செய்தது. ஆளும் பிழைத்தவன்தானே! விசிறியை நேராக்கினார். வாலை மூடினார். இறக்கையும் பாறையில் மோதித்தான் மடங்கியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, மில் காலத்துப் படாக் மரப் பலகை ஒன்றை, இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஒரே நீட்டாக, விமானத்தின் வயிற்றுக்குள் கோத்து நிறுத்தினார். நிஜ விமானத்தில் எட்டில் ஒரு பங்கு அளவு. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு இறக்கை. கருநீலப் பெயின்ட் அடித்து, பளபளவென்று துடைத்தும் வைத்தார்.

விழா நாள் காலையில் கான்ட்ராக்டர் ஆபீஸில் வேலை செய்கிற ப்ரியங்கா, பேனர் சுருளோடு கொட்டகைக்கு வந்தாள். தரையில் விரித்தாள். விரித்தவள் பேனரைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், மறுபடி பேனரைப் பார்த்தாள்.

"அங்கிள், றெக்க வேற மாதிரி இருக்கே?"

பேனரில் அதே விமானம் புத்தம் புதுசாக வானத்தில் பறந்துகொண்டிருந்தது. விசிறி நேராக இருந்தது. வால் முழுசாக இருந்தது. இறக்கை மடங்கித்தான் இருந்தது. விமானத்தைச் செய்த கம்பெனிக்காரனே அப்படித்தான் செய்திருக்கிறான்.

ஜெரால்ட் தான் செய்த இறக்கையைத் தடவிப் பார்த்தார். அவர் மனைவி ஆக்சிலியா பேனரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"மாதாவுக்குச் செய்யுத நெனப்புல ப்ளேனுக்கும் எலும்பு ஒட்டிட்டீரோ?"

"வாய மூடுட்டி."

"நான் மூடிருவேன். ஜேசிபி மூடுமா?"

அந்த நேரம் பார்த்துத் திருநாவுக்கரசு உள்ளே நுழைந்தார். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"போட்டோல இருந்தத ஏன்யா திருத்துன? ஒன்ன எவன் திருத்தச் சொன்னது?"

"ஒடைஞ்சு கெடக்குன்னு நெனச்சேன் சார்."

"நெனைக்கவா ஒன்ன வெச்சேன்? அந்தம்மா பக்கத்துத் தீவு ரங்கத்துலேந்து மதிய போட்டுல வருது. பஞ்சாயத்துப் பிரதானும் கூட வர்றாரு. ப்ரெஸ்காரனும் வர்றான். அதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா மூட்டையக் கட்டு, கெளம்பு."

அவர் போனார். ப்ரியங்கா போகவில்லை. பேனரைச் சுருட்டியபடி ஓரமாக நின்றாள்.

ஜெரால்ட் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார். புது இறக்கை செதுக்க நேரம் கிடையாது. இருப்பதைத்தான் வளைக்க வேண்டும். படாக் சொன்ன பேச்சுக் கேட்கிற மரம் அல்ல. அவசரப்படுத்தினால் 'பட்'டென்று போய்விடும்.

"ஆக்சிலி, அண்டாவுல தண்ணி வையி. சாக்கு எல்லாத்தையும் முக்கு."

உடம்பு ஒட்டுகிற இடத்தில் அடிப்பக்கமாகவும், முழங்கை வர வேண்டிய இடத்தில் மேல்பக்கமாகவும் ரம்பத்தால் ஆப்பு வடிவில் வெட்டினார். நகக்கண் அளவு மரம் மிச்சம். அதற்கு மேல் ரம்பம் ஒரு இழுப்பு இழுத்தால் இறக்கை கையோடு வரும். கொதிக்கிற சாக்கை ஆக்சிலியா சுற்றினாள். பெயின்ட் கொப்பளித்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, டிங்கிப் பலகையை வளைப்பதுபோல, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினார்கள்.

வலது பக்கம் வளைந்தது.

"இழுக்காதிய, இழுக்காதிய, தானா வரட்டும்," என்றாள் ஆக்சிலியா. விரலெல்லாம் வெந்து சிவந்திருந்தது.

இடது பக்கம் பாதி வளையும்போது சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். ப்ரியங்கா வாயைப் பொத்திக்கொண்டாள். முழங்கையில் கீறல் விழுந்து, நார் நாராக மரம் பிரிந்தது.

"விட்டுராதே. அப்படியே பிடிச்சிக்க."

ஜெரால்ட் ஒற்றைக் கையால் ரெசின் டப்பாவை இழுத்தார். படகுக்கு ஓட்டை அடைக்கிற அதே ரெசின். ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும். ரொம்பக் கூடினால் சூடேறிப் பாளம் பாளமாக வெடிக்கும். அளவு பார்க்க நேரமில்லை. கையாலேயே ஊற்றி, கலக்கி, வெட்டு வாயெல்லாம் அடைத்து, நாலு கிளாம்ப் போட்டு இறுக்கினார்.

ஜெட்டியில் போட் ஹாரன் அடித்தது.

திருநாவுக்கரசு நாலு ஆட்களோடு ஓடி வந்தார். வளைந்த இறக்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சபாஷ். தூக்குங்கய்யா."

"தூக்கக் கூடாது," என்றார் ஜெரால்ட்.

"என்னது?"

"ரெசின் இன்னும் காயாமப் பச்சையா இருக்கு. இப்பத் தூக்குனா றெக்க கழண்டு ஒங்க கால்ல விழும்."

"மேடையில வெக்கணும்யா!"

"அந்தம்மாவ இங்க கூட்டிட்டு வாங்க."

"இந்தக் குப்பைக்குள்ளயா?"

ஜெரால்ட் மேஜைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஆக்சிலியா கொதிக்கிற சாக்கு ஒன்றைக் கையில் வைத்தபடி பக்கத்தில் நின்றாள். ஆட்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் பழைய மில்காரர்கள்தான்.

வேறு வழியில்லாமல் ஊர்வலம் கொட்டகைக்கு வந்தது. பஞ்சாயத்துத் தலைவரான பிரதான் மண்டல் பாபு கையைப் பிடித்து அழைத்துவர, பெண்மணி குனிந்து தகரத்துக்கடியில் நுழைந்தாள். ஈர இறக்கையை ரொம்ப நேரம் பார்த்தாள். அழவில்லை. முழங்கை மடிப்பில் விரல் வைத்தாள், ரெசின் ஒட்டிக்கொண்டது, துணி ஏதாவது கிடைக்குமா என்று தேடி, கடைசியில் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு பின்னால் பாதி கட்டிக் கிடந்த டிங்கியைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"அது எப்ப முடியும்னு கேக்குறாங்க அங்கிள்," என்றாள் ப்ரியங்கா.

ஜெரால்ட் திருநாவுக்கரசைப் பார்த்தார்.

"ஷெட்டு இருந்தா கிறிஸ்மஸுக்குள்ள முடியும்னு சொல்லும்மா. இருக்குமா இருக்காதான்னு சாருக்குத்தான் தெரியும்."

ப்ரியங்கா தன் முதலாளியைப் பார்த்தாள். அவர் கண்ணால் 'வேண்டாம்' என்றார். அவள் சம்பளம் வாங்குவது அவரிடம். ஆனாலும் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னாள்.

பெண்மணி திரும்பினாள். பிரதான் திரும்பினார். ப்ரெஸ்காரன் போனை உயர்த்தினான்.

"அரே, ஷெட் எங்க போகப் போவுது?" திருநாவுக்கரசு சிரித்தார். "ரஹேகா, ரஹேகா, இருக்கும். இது நம்ம பிளான்லயே இருக்கு."

"கஹாங் தக்?" என்றார் மண்டல் பாபு. எதுவரைக்கும்?

சிரிப்பு நின்றது. "ஜெட்டி செவுரு வரைக்கும்."

"அப்ப எல்லைக்கு ஆப்ப இன்னைக்கே அடிச்சிருவோம் சார்," என்றார் ஜெரால்ட். "எல்லாரும் இருக்காவ."

யாரும் கை தட்டவில்லை. ஆக்சிலியா பெண்மணிக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ வைக்கப் போனாள். மில்காரர்களில் ஒருவன் சுத்தியலை எடுத்தான். மண்டல் பாபு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லை அளக்கிற நூலின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை ஜெரால்ட், கேட்காமலே, திருநாவுக்கரசின் கையில் கொடுத்தார். கடைசி ஆப்பு இறங்குகிற வரைக்கும் கான்ட்ராக்டர் அந்த நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.